ஈறு நிறத்தில் ஒரு கிளட்ச்

மருமகன் பையை எடுத்துக்கொண்டு போனார், அதை நான் இல்லையென்று சொன்னேனா? காலை ஏழரை மணிக்கு, சட்டையை உள்ளே விட்டுக்கொண்டு, தோளில் பையை மாட்டிக்கொண்டு, திரும்பிப் பார்க்காமல்தான் போனார். எல்லாம் சரி. ஆனால் "பொண்டாட்டிகூடச் சண்டை போட்டுட்டுக் கிளம்பிட்டாரு" என்று எதிர்வரிசைச் சலவைக்கடைக்காரி சொல்லி வைத்திருக்கிறாளே, அது பொய். அந்தப் பேச்சு தெருக்கோடி ரொட்டிக்கடைக்குப் போய்ச் சேர்வதற்குள், நானே மருமகனைக் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியதாக ஆகிவிட்டது. என் முழங்காலுக்கு நான் கதவைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறேன். இதில் இன்னொருவர் கழுத்தை வேறு பிடிக்க வேண்டுமாம்.

நேற்று அவளிடமே கேட்டுவிட்டேன். "ஏன்டி, சண்டை போட்டுட்டுப் போனவரு இப்ப உள்ள உக்காந்து யாரோட பல்லையோ ராவிக்கிட்டிருக்காரே, அது யாரு?"

"அது சமாதானம் ஆனப்புறம் வந்தது பெரியம்மா. போனது போனதுதானே?" என்றாள்.

இவளிடம் பேசி ஜெயிக்க ஆள் இல்லை. அதனால்தான் முதலிலிருந்து சொல்லிவிடுகிறேன். எழுதிக் கொடுக்கிறேன் என்று நோட்டோடு வந்து உட்கார்ந்துவிட்டாய், சொல்வதை அப்படியே எழுது. நடுவில் உன் பள்ளிக்கூடத் தமிழைச் செருகாதே.

என் மருமகன் பல்செட்டு செய்கிறவர். பல் டாக்டர் இல்லை. டாக்டர்கள் வாயில் அச்செடுத்து அனுப்புவார்கள், இவர் அதைப் பார்த்துப் பல் கட்டிக் கொடுப்பார். கல்யாணமானதும் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். மாமியார் வீட்டில் சாப்பிட ஆசைப்பட்டு வந்தவர் இல்லை. எங்கள் பக்கத்து அறையில் வடக்குப் பார்த்த ஜன்னல் இருக்கிறது. அந்த வெளிச்சத்தில்தான் பல்லின் நிறம் சரியாகத் தெரியுமாம். எத்தனை விதமான வெள்ளை உண்டு என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தெருவில் அவருக்குப் பெயரே பல்செட்டு. முகத்துக்கு நேரே அப்படிக் கூப்பிட்டாலும் கோபப்படமாட்டார். "தொழில் பேருதானே அத்தை, திருட்டுப் பேரா?" என்பார்.

என் வாயில் இருப்பதும் அவர் கட்டியதுதான். முதலில் கட்டியது சரியாக வரவில்லை. மெல்லும்போது நன்றாக இருந்தது, சும்மா இருக்கும்போதுதான் தொந்தரவு. வாயை மூடினால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டே இருந்தன. பேசினால் டைப் அடிக்கிற மாதிரி சத்தம். மூன்றாம் நாள் தாடையே வீங்கிவிட்டது. அவர் பார்த்துவிட்டு, "வாய் சும்மா இருக்கும்போது பல்லு தொடக் கூடாது அத்தை. நடுவுல ஒரு நூல் இடம் விட்டிருக்கணும். அளவு என் தப்பு" என்று சொல்லி, முழுசாக உடைத்துப் போட்டுவிட்டுப் புதிதாகக் கட்டினார். மாமியார்தானே, பொறுத்துப் போகட்டும் என்று விட்டுவிடுகிற ஆள் இல்லை.

இனி என் மகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். பதினோரு வருஷம் பள்ளிக்கூட வேன் ஓட்டினாள். முப்பத்திரண்டு பிள்ளைகள். எந்தப் பிள்ளைக்கு எந்த வளைவில் வாந்தி வரும் என்பது வரை மனப்பாடம். ஒரு நாள் வேன் கூரையைக் கழுவ ஏறியவள், இறங்கும்போது படி வழுக்கிக் கீழே விழுந்தாள். இடது கணுக்காலில் தகடு வைத்து ஆறு திருகாணி போட்டார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் பாதம் மேலேயும் மடங்காது, கீழேயும் மடங்காது. மரக்கட்டையில் செருப்பு மாட்டிய மாதிரி நிற்கும். கிளட்ச் மிதிப்பது இடது கால். வேனுக்கு வேறு டிரைவர் வந்துவிட்டான்.

அவள் ஜன்னலோரம் உட்கார்ந்தாள். அழுதிருந்தால் நான் தேற்றியிருப்பேன். அவள் அழவில்லை, போகிற வண்டிகளை எல்லாம் திட்டினாள். "ரெண்டாவது கியர்லயே உருட்டிக்கிட்டுப் போறான் பாரும்மா. இன்ஜின் கத்துறது அவன் காதுல விழலையா?" முகம் தெரியாதவனுக்கெல்லாம் வசவு. கியரே இல்லாத வண்டி ஓட்டலாமே என்று டாக்டர் சொன்னார். "அது நம்மள ஓட்டிக்கிட்டுப் போகும் டாக்டர், நாம அத ஓட்ட மாட்டோம்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டாள். இந்தப் பிடிவாதம் யாரிடமிருந்து வந்தது என்று என்னைக் கேட்காதே.

அந்தச் சமயத்தில்தான் ஒரு கடைசல் பட்டறைக்காரர் டாக்டர் கொடுத்த அச்சோடு பல் கட்ட வந்தார். வேலையை விட்டபின் ஒரு காரை அவர் கையாலேயே கட்ட ஆசைப்பட்டு, பாகம் பாகமாக வரவழைத்திருந்தார். இரும்புச் சட்டம், ஃபைபரில் உடம்பு, நட்டும் போல்ட்டும் பொட்டலம் பொட்டலமாக, எதை எங்கே மாட்டுவது என்று படம் போட்ட ஒரு புத்தகம். இன்ஜினும் கியர்பெட்டியும் மட்டும் ஒரு பழைய காரில் கழற்றியது. பாதிப் பெட்டியைப் பிரிப்பதற்குள் அவருக்குக் கை நடுங்க ஆரம்பித்துவிட்டது.

"மேலயும் கீழயும் ஒரு செட்டு நல்லா வச்சுக் குடுங்க, இதத் தூக்கிக்கிட்டுப் போயிருங்க. எனக்குக் கட்டில் போட இடம் வேணும்" என்றார்.

என் மருமகன் சரி என்றுவிட்டார். அவருக்குக் கார் ஓட்டத் தெரியாது. சைக்கிளில் போனால் வளைவு வந்ததும் இறங்கித் தள்ளுகிறவர். அவர் போய் ஒரு கார் கட்டுகிறார் என்றால் தெரு சும்மா இருக்குமா? அவர் சொன்ன காரணம் எனக்குப் பிடித்திருந்தது. "கடையில வாங்குற காருல பெடலு எங்க இருக்கோ அங்கதான் அவ கால் போகணும். நாம கட்டுனா, அவ கால் எங்க இருக்கோ அங்க பெடல வைக்கலாம்."

பதினான்கு மாதம். பக்கவாட்டுக் கொட்டகையில் இவர் மல்லாந்து படுத்திருப்பார், மகள் நாற்காலி போட்டு மேற்பார்வை பார்ப்பாள்.

"என்னங்க, அது தலைகீழா இருக்கு."

"படத்துல இப்படித்தாம்மா இருக்கு."

"படத்தையே தலைகீழாத்தான் புடிச்சிருக்கீங்க."

இப்படித்தான் பொழுது போனது. அவள் சிரிப்பதை அந்தக் கொட்டகையில்தான் திரும்பக் கேட்டேன்.

கிளட்ச் பெடலுக்கு மட்டும் இரண்டு மாதம் எடுத்துக்கொண்டார். நாமெல்லாம் குதிகாலைத் தரையில் ஊன்றி முன்பாதத்தால் மிதிப்போம். அவளுக்கு அது ஆகாது, தொடையிலிருந்து மொத்தக் காலையும் நீட்டித்தான் தள்ள வேண்டும். அதனால் அவள் உள்ளங்காலுக்கு, வாய்க்கு எடுக்கிற மாதிரியே அச்செடுத்தார். பசையைக் கிண்ணத்தில் குழைத்து, "அசையாத, அசையாத" என்று அவர் சொல்ல, இவள் கூச்சத்தில் துள்ள, மூன்று தடவை பாழாகி நாலாவது தடவை சரியாக வந்தது. அந்த அச்சில் பெடலின் முகத்தை வார்த்தார். அவரிடம் இருந்தது பல்செட்டு ஈறுக்குப் போடுகிற பொருள், அதில் ஒரே நிறம்தான். பெடல் ஈறு மாதிரி சிவந்து பளபளவென்று வந்து நின்றது.

சலவைக்கடைக்காரி எட்டிப் பார்த்தாள். "காருக்கு ஈறு முளைச்சிருச்சு. பல்லு எப்ப முளைக்கும்?"

பல் கடித்துப் பார்க்க ஒரு நீலத்தாள் வைத்திருப்பார். அதைக் காலுக்கும் பெடலுக்கும் நடுவில் வைத்து மிதிக்கச் சொல்வார். எங்கே நீலம் அப்பியிருக்கிறதோ அங்கே ராவுவார். மறுபடி தாள், மறுபடி மிதி. அவள் உள்ளங்கால் அந்த மாசம் முழுக்க நீலமாகத்தான் இருந்தது.

தப்பு நடந்தது இங்கேதான். பெடலை மிதித்தால் முதல் ஒரு விரல்கடை சும்மா இறங்க வேண்டும், அதற்கப்புறம்தான் கேபிள் இழுபட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருந்தது. இவர் அதை இரண்டு தரம் படித்துவிட்டு, "இது ஏனோதானோன்னு வேலை செய்யறவங்களுக்கு எழுதினது" என்றார். ஆட்டம் என்றாலே அவருக்கு ஆகாது. ஈறில் ஆடுகிற செட்டை ஊரிலேயே யாருக்கும் கொடுத்ததில்லை. "அவளால மிதிக்க முடியறதே நாலு விரல்கடை. அதுல ஒண்ண எதுக்கு வீணாக்கணும்?" என்று கேபிள் நட்டைத் திருகித் திருகி, துளிகூட ஆடாமல் இறுக்கிவிட்டார். அவள் மிதித்துப் பார்த்து, "தொட்டதும் புடிக்குதுங்க" என்று மனசு குளிர்ந்துபோனாள். அவளுக்கும் தெரியவில்லை. ஓட்டத் தெரியுமே தவிர, வேனுக்கு ஏதாவது என்றால் ஒர்க்ஷாப்பில் விட்டுவிட்டு டீ குடிக்கப் போனவள்தானே.

எங்கள் வீட்டு வாசலைத் தாண்டினால் மேடு. பெரிய ரோட்டுக்குப் போக வேறு வழி கிடையாது. முதல் நாள் வண்டியைத் தெருவுக்குள்ளேயே இரண்டு சுற்று ஓட்டினாள், வெண்ணெய் மாதிரி போனது. பக்கத்துச் சீட்டில் என் மருமகன். அப்புறம் மேட்டில் ஏற்றினாள். பாதி தூரம் போனதும் இன்ஜின் கத்துகிறது, கத்துகிறது, வண்டி நின்ற இடத்திலேயே நிற்கிறது. கருகல் வாடை. மெல்லப் பின்னால் உருண்டு சலவைக்கடை வாசலில் வந்து நின்றது. எல்லா வீட்டு ஜன்னலும் திறந்தது.

"இன்ஜின் மட்டும் ஊருக்குப் போயிருச்சு. கார் இங்கயே நிக்குது" என்றாள் அந்தப் புண்ணியவதி. எல்லோரும் சிரித்தார்கள். எனக்கே சிரிப்பு வந்தது, மகள் முகத்தைப் பார்க்கும் வரைக்கும்.

உள்ளே வந்தாள். முகத்தைக் கழுவினாள். "கால் போதலைம்மா" என்றாள். அவ்வளவுதான். அவரிடம், "யாருக்காவது குடுத்துருங்க. இனிமே என்னை ஸ்டீரிங் முன்னாடி உக்காரச் சொல்லாதீங்க" என்றாள்.

வண்டியைக் காட்டிச் சான்று வாங்க, வண்டிப் பதிவு ஆபீசில் கொடுத்த தேதிக்கு இன்னும் பன்னிரண்டு நாள் இருந்தது. தேதி தவறினால் மறுபடி மனு, மறுபடி வரிசை. அது கிடக்கட்டும். அன்றைக்கு ஏறாதவள் அப்புறம் எந்த வண்டியிலும் ஏறமாட்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா? ஜன்னலோரமும் உட்காரவில்லை. நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டாள்.

மறுநாள் கிரீஸ் வந்தான். ஒர்க்ஷாப்காரன், சொந்தப் பெயர் தெருவுக்கே மறந்துபோய்விட்டது. குனிந்து, ஒற்றை விரலால் பெடலைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தான்.

"சார், இதுக்கு மூச்சு விடவே இடம் வைக்கலையே."

"அப்படின்னா?"

"கால எடுத்தாலும் கேபிளு இழுத்துக்கிட்டேதான் இருக்கு. பாதி மிதிச்ச மாதிரியே வண்டி ஓடியிருக்கு. சமதரையில தெரியாது. மேட்டுல பாரம் ஏறுனதும் உள்ள கிளட்ச் தகடு வழுக்கிருச்சு. யாரு மிதிச்சாலும் இதான் கதி."

நான் வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். "என்னோட முதல் செட்டு மாதிரியா மாப்பிள்ளை? சும்மா இருக்கும்போதும் தொட்டுக்கிட்டே இருந்துச்சே" என்றேன்.

அவர் அப்படியே கொட்டகைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். ஸ்பேனர் கையில். "வாய் விஷயத்துல எனக்குத் தெரிஞ்சது காலு விஷயத்துல தெரியாமப் போச்சே அத்தை" என்றார்.

எழுந்து நேரே அவளிடம் போனார். "தப்பு உன் கால்ல இல்லைம்மா. என் கைல."

அவள் நம்பினால்தானே. "போங்க. கொழம்புல உப்பு இல்லைன்னா, என் நாக்குதான் சரியில்லைன்னு சொல்ற ஆளு நீங்க. என்னைத் தேத்தாதீங்க." பதினாறு வருஷம் நல்லவராக இருந்ததற்கு இதுதான் பலன். உண்மையைச் சொன்னாலும் ஆறுதல் மாதிரி ஆகிவிட்டது. நானும் சொல்லிப் பார்த்தேன். "நீயும் அவரு கட்சிதானே" என்று சுவரைப் பார்த்துக்கொண்டாள்.

அதற்கப்புறம் அவர் வாயால் ஒன்றும் சொல்லவில்லை. கருகின தகட்டை மாற்றிக்கொண்டார். தன் இடது கணுக்கால் மடங்காமல் இருக்க இரண்டு மரச்சட்டத்தை வைத்துக் கட்டிக்கொண்டு, இரண்டு நாள் அதோடேயே வீட்டுக்குள் நடந்தார், பெடலை மிதித்தார், சாப்பிட உட்கார்ந்தார். பொண்டாட்டி அடித்துக் காலை உடைத்துவிட்டாள் என்று அதற்கும் ஒரு கதை கிளம்பியது. அப்படி மிதித்துப் பார்த்ததில்தான் அவருக்கு ஒரு வழி கிடைத்தது. பெடல் தண்டில் கேபிள் மாட்டுகிற துளையை இன்னும் கீழே தள்ளிப் போட்டார். பெடல் கனக்கும், ஆனால் கொஞ்ச தூரம் தள்ளினாலே வேலை முடிந்துவிடும். பலத்துக்கு என்ன குறை, அவள் தள்ளுவது தொடையால்தானே. அப்படி மிச்சமான தூரத்தில் ஒரு விரல்கடையைச் சும்மா விட்டார். புத்தகத்தில் போட்டிருந்த அதே ஒரு விரல்கடை. என்னைக் கூப்பிட்டு விரலை வைத்துப் பார்க்கச் சொன்னார். பெடல் லேசாக இறங்கி, அப்புறம் கெட்டியாக நின்றது. "இப்ப வாய் சும்மா இருக்கு மாப்பிள்ளை" என்றேன்.

மகள் கொட்டகைப் பக்கமே வரவில்லை. அவர் கூப்பிடவும் இல்லை.

அந்தத் தேதி வந்தது. காலையில் அவள் அடுப்படியில் டீயை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். இவர் குளித்து, நல்ல சட்டை போட்டு, வண்டிக் காகிதங்களை எல்லாம் பையில் எடுத்து வைத்தார். சாவியை அவள் டம்ளருக்குப் பக்கத்தில் வைத்தார்.

"பத்து மணிக்கு ஆபீஸ் வாசல்ல நிப்பேன். வண்டி வந்தா காகிதத்தக் காட்டுவேன். வரலைன்னா நடந்து திரும்பி வந்துருவேன்."

"ஒம்பது கிலோமீட்டர் நடக்கப் போறீங்களா?"

"எனக்குத்தான் ஓட்டத் தெரியாதே" என்றார்.

வாசலில் நான் மறித்தேன். "கூட உக்காந்தா அவளுக்குத் தைரியமா இருக்குமே மாப்பிள்ளை."

"இல்லை அத்தை. அன்னைக்கு மேட்டுல ஏறுனப்ப நான் ரோட்டையே பாக்கல, அவ காலத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். பல்லு மாட்டிட்டு வாயையே உத்துப் பாத்தா யாரும் அவங்க கடிக்கற மாதிரி கடிக்க மாட்டாங்க, எனக்காகக் கடிப்பாங்க. அவ இன்னைக்கு எனக்காக மிதிக்க வேண்டாம்."

சொல்லிவிட்டுப் படி இறங்கினார். இதைத்தான் சலவைக்கடைக்காரி பார்த்தது. ஒருவர் பையோடு வெளியே போகிறார், மாமியார் வாசலில் கையை விரித்து நிற்கிறாள். போதாதா அவளுக்கு?

உள்ளே டீ ஆறிக்கொண்டிருந்தது.

"குடை எடுத்துக்கிட்டாராம்மா?"

"இல்லை."

"எந்தச் செருப்பு?"

"புது ஷூ."

"அது பின்னால கடிக்குமே" என்றாள். டம்ளரைத் தள்ளி வைத்துவிட்டு, "மேட்டுலயே கொப்புளம் வந்துரும்" என்றாள். நான் ஒரு வார்த்தை பேசவில்லை. என் ஆயுசில் நான் செய்த கஷ்டமான காரியம் அதுதான்.

சாவியை எடுத்தாள். கொட்டகைக்குப் போய் வண்டியில் உட்கார்ந்தாள். இன்ஜினைப் போடாமலே ஒரு தடவை மிதித்தாள். விட்டாள். மறுபடி மிதித்தாள். அந்த ஒரு விரல்கடை அவள் காலுக்குத் தெரிந்திருக்க வேண்டும். குனிந்து பெடலைப் பார்த்தாள். அப்புறம் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். நான் தண்ணீர்க் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வண்டி வாசலைத் தாண்டி மேட்டில் ஏறியது. அவர் அதற்குள் பாதி மேடு போயிருந்தார். சத்தம் கேட்டிருக்கும், ஆனால் திரும்பவில்லை. ஓரமாக ஒதுங்கி வழி விட்டார். இன்ஜின் கத்தவில்லை. கியர் ஒரு தரம் மாறியது, அப்புறம் சீராக இழுத்தது. அவரைத் தாண்டி நிற்காமல் போய்விட்டாள். மேட்டு நடுவில் யார் நிறுத்துவார்கள், பதினோரு வருஷம் ஓட்டினவளா? உச்சிக்குப் போகிற இடத்தில்தான் நிறுத்தினாள். இவர் அதே நடையில் போய்ச் சேர்ந்தார்.

அதற்கு மேல் என் கண்ணுக்கு எட்டவில்லை. சலவைக்கடைக்காரி இஸ்திரிப் பெட்டியைக் கையில் பிடித்தபடி நடுத்தெருவுக்கு வந்துவிட்டாள்.

"ஏறிட்டாரு பெரியம்மா."

"சரி."

"ஆனா கோவம் தீரல போல. மூஞ்சிய அந்தப் பக்கமா வெளியில திருப்பிக்கிட்டு உக்காந்திருக்காரு. அவ பக்கமே பாக்கல."

"வண்டி?"

"வண்டி கிளம்பிருச்சு."

நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போனேன்.